வோல்ட்டும் அம்பியரும் தெரிந்தால் தடையும் வலுவும்: கிணற்றடியிலிருந்து வரும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, பரந்தன் பக்கம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பகலில் எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு தோட்டக்காரர்கள் வருவார்கள். பொழுது சாய்ந்ததும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் கொப்பியோடு வந்து அமர்வார்கள். இரு பகுதியினரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கணக்குத்தான். திரும்பத் திரும்ப வாயால் சொல்லிக் களைத்ததால் எழுதிவைக்கிறேன்.

மீற்றரில் வோல்ட்டும் அம்பியரும் அளந்துவிட்டேன். தடையையும் வலுவையும் எப்படி எடுப்பது?

வகுத்தால் தடை, பெருக்கினால் வலு. வோல்ட்டை அம்பியரால் வகுங்கள், ஓம் வரும். வோல்ட்டை அம்பியரால் பெருக்குங்கள், வாட் வரும்.

சைக்கிள் டைனமோவை எடுத்துக்கொள்வோம். முன்விளக்கில் 6 வோல்ட், 0.4 அம்பியர். 6 ÷ 0.4 = 15 ஓம். 6 × 0.4 = 2.4 வாட். பின்விளக்கில் அதே 6 வோல்ட், 0.1 அம்பியர், 60 ஓம், 0.6 வாட். இரண்டும் சேர்ந்து 0.5 அம்பியர், 3 வாட். டைனமோவின் முதுகில் 6 வோல்ட், 3 வாட் என்று பொறித்திருப்பது இதைத்தான்.

1990களில் பற்றரி வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் வானொலியில் செய்தி கேட்ட வீடுகள் வன்னியில் நிறைய. அந்த 3 வாட்டுக்குள்தான் எல்லாம் நடந்தது. டைனமோ தருவது திசை மாறிமாறிப் பாயும் ஆடலோட்டம் என்பதால், அதை ஒரே திசையில் சீராக்க டயோட்டும் கப்பாசிட்டரும் இடையில் வைத்தே வானொலிக்குக் கொடுத்தார்கள். இன்னொன்றும் அன்றைய சைக்கிள்காரர்களுக்குத் தெரியும்: பின்விளக்கு எரிந்துபோனால் முன்விளக்கும் சீக்கிரம் போய்விடும். ஓடும் வேகத்தில் டைனமோ ஏறக்குறைய 0.5 அம்பியரை விடாப்பிடியாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பின்விளக்கு இல்லாதபோது அந்த ஓட்டம் முழுவதும் 15 ஓம் முன்விளக்கினூடாகப் போகவேண்டும். 0.5 × 15 = 7.5 வோல்ட், 7.5 × 0.5 = 3.75 வாட். 2.4 வாட்டுக்குச் செய்த குமிழ் எத்தனை நாள் தாங்கும்?

புத்தகத்தில் உவோற்று, உவாற்று என்று இருக்கிறது. கடையில் வோல்ட், வாட் என்கிறார்கள். பரீட்சையில் எதை எழுதுவது?

புத்தகத்தில் உள்ளதை எழுதுங்கள், கடையில் கேட்பதைச் சொல்லுங்கள். பொருள் ஒன்றே. ஆனால் வலு, சக்தி இரண்டையும் குழப்பாதீர்கள். அதற்குப் புள்ளி குறைவதும் நியாயம்தான். வலு என்பது சக்தி செலவாகும் வேகம், சக்தி என்பது செலவான மொத்தம். பின்னால் யானை வேலிக் கேள்வியில் இந்த வேறுபாட்டில் உயிரே தங்கியிருக்கிறது.

'தடை' என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் வயதுக்காரருக்கு முதலில் நினைவுக்கு வருவது போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை. பிள்ளைகளுக்கு ஓம் மட்டும் நினைவுக்கு வருகிறது. அப்படியே இருக்கட்டும். அந்த ஓம் ஒரு மனிதரின் பெயர்: ஜெர்மனியில் ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம் இந்தத் தொடர்பை 1827 இல் நூலாக வெளியிட்டார்.

ஒரு சூத்திரம் 'அம்பியரின் வர்க்கம் × தடை' என்கிறது. தடை கூடினால் வலு கூடுகிறது. இன்னொன்று 'வோல்ட்டின் வர்க்கம் ÷ தடை' என்கிறது. தடை கூடினால் வலு குறைகிறது. எது சரி?

என்னிடம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டும் சரி. எது மாறாமல் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

வீட்டுப் பிளக்கில் வோல்ட் மாறாமல் நிற்கிறது. அங்கே தடை குறைந்தால் அம்பியர் கூடும், வலுவும் கூடும். சுருள் அடுப்பின் கம்பி அறுந்தால் சிலர் அறுந்த இரண்டு முனையையும் இழுத்து முறுக்கி மீண்டும் போடுவார்கள். 1000 வாட் அடுப்பின் சுருள் 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். அதில் பத்தில் ஒரு பங்கு கம்பி வீணானால் மீதி 47.6 ஓம். இப்போது வலு 52900 ÷ 47.6, அதாவது ஏறக்குறைய 1111 வாட். 'திருத்தியபின் முன்னைவிட நன்றாகச் சிவக்கிறது' என்று மகிழ்வார்கள். அடுத்த மாதம் வேறிடத்தில் அறும்.

ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இடத்தில் அம்பியர் மாறாமல் நிற்கிறது. அங்கே எதற்குத் தடை அதிகமோ அதுவே சூடாகும். தளர்ந்துபோன பிளக் பின்னில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 6 அம்பியர் போகிறது. 6 × 6 × 0.5 = 18 வாட். விரல் நுனியளவு இடத்தில் 18 வாட் வெப்பம்! பிளக் உருகுவதற்கும் கறுப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அடுப்புக்குக் குற்றம் இல்லை.

இஸ்திரிப் பெட்டியில் 1000 வாட் என்று எழுதியிருக்கிறது. மாலையில் சூடே ஏறுவதில்லையே?

எழுதியிருப்பது 230 வோல்ட்டுக்கு. இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்; அதில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 இலிருந்து 244 வரை. ட்ரான்ஸ்போமரிலிருந்து லைன் நீண்டு போகும் ஊர்களில், எல்லோரும் விளக்கும் மோட்டாரும் போடும் நேரத்தில், மீற்றர் 200 காட்டுவதையும் பார்த்திருக்கிறேன். 200 × 200 ÷ 52.9 = 756 வாட். வோல்ட் 13 சதவீதம்தான் விழுந்தது, சூடு கால்வாசி போய்விட்டது. வர்க்கம் செய்யும் வேலை.

பழைய 100 வாட் குமிழை ஓம் மீற்றரில் வைத்தால் 40 ஓம் அளவில் காட்டுகிறது. கணக்குப்படி 529 வரவேண்டும். மீற்றர் பழுதா?

மீற்றர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 பாகைக்கு மேல் சூடாகிறது, தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறுகிறது. இழைக் குமிழ்கள் சுவிட்ச் போடும் கணத்தில் போவதும் இதனால்தான். ஆகவே எரியும் நிலையில் வோல்ட்டையும் அம்பியரையும் அளந்து வகுத்தால் வருவதே எரியும் நிலைத் தடை. எந்த நிலையில் அளந்தது என்று எழுதாத எண்ணை நான் என் கடைக் கொப்பியில் ஏற்றுவதில்லை.

மோட்டார் 230 வோல்ட், 6 அம்பியர் எடுக்கிறது. 230 ÷ 6 = 38 ஓம். ஆனால் வைண்டிங்கை அளந்தால் சில ஓம்தான். ஏன்?

மோட்டாருக்கு அந்த வகுத்தல் பொருந்தாது. சுற்றும்போது மோட்டார் தனக்குள் ஓர் எதிர் வோல்ட்டை உண்டாக்குகிறது; அதுதான் ஓட்டத்தைப் பெரிதும் மட்டுப்படுத்துகிறது. 38 என்பது கம்பியின் தடை அல்ல. மோட்டாரைப் பிடித்து நிறுத்திவிட்டால் எதிர் வோல்ட் போய்விடும், ஓட்டம் பல மடங்கு பாயும். எரிந்த மோட்டார்களில் பாதி இந்தக் கதைதான்.

வலுவிலும் ஒரு சிக்கல் உண்டு. 230 × 6 = 1380 என்று வருவதை வோல்ட்-அம்பியர் என்பார்கள். ஆடலோட்டத்தில் வோல்ட்டும் அம்பியரும் ஒன்றாகக் கால்வைத்து நடப்பதில்லை; அதற்காக வலுக்காரணி என்று ஓர் எண்ணால் பெருக்கவேண்டும். அது 0.8 என்றால் 1380 × 0.8 = 1104 வாட். ஒரு குதிரை வலு 746 வாட். மோட்டாரில் எழுதியிருக்கும் குதிரை வலு தண்டிலிருந்து வெளியே வருவது; உள்ளே போவது அதைவிடக் கூடத்தான் இருக்கும். மிச்சம் வெப்பமாகப் போகிறது. கையை வைத்துப் பார்த்தால் தெரியும்.

இஸ்திரிப் பெட்டி, கேற்றில், அடுப்பு, இழைக் குமிழ் ஆகியவற்றுக்கு இந்தக் காரணி 1. அங்கே நேரே பெருக்கலாம்.

வீட்டில் வோல்ட் சரி, கிணற்றடியிலும் சரி. ஆனால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்வது?

விசுவமடுப் பக்கமிருந்து வந்த ஒரு ஐயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, கிணற்றடியில் 225 காட்டுகிறது. மோட்டார் கம்பனிக்காரன்தான் ஏமாற்றிவிட்டான்." எப்போது அளந்தீர்கள் என்று கேட்டேன். மோட்டாரைப் போடுவதற்கு முன்னால்.

ஓட்டம் இல்லாதபோது வயர் எதையும் விழுங்காது. பூச்சியம் அம்பியரை எத்தனை ஓமால் பெருக்கினாலும் பூச்சியம். அதனால் எவ்வளவு மெல்லிய வயரானாலும் மறுமுனையில் முழு வோல்ட்டும் நிற்கும். சுமை போட்டபின் அளக்கவேண்டும்.

மோட்டாரை வைத்து அளந்தால் மேலே சொன்ன கால்வைப்புச் சிக்கல் குறுக்கே வரும். ஆகவே மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, அங்கே ஒரு 1500 வாட் கேற்றிலில் தண்ணீர் நிரப்பிச் செருகச் சொன்னேன். கேற்றில் கொதிக்கும்போது வீட்டில் 225, கிணற்றடியில் 208, ஓட்டம் 5.9 அம்பியர். வயரில் விழுந்தது 17 வோல்ட். 17 ÷ 5.9 = 2.88 ஓம். வயர் குடித்த வலு 17 × 5.9 = 100 வாட். கிணற்றுக்குப் போகும் வழியெல்லாம் மண்ணைச் சூடாக்க ஒரு 100 வாட் குமிழ்!

இனி வயரின் பக்கத்திலிருந்து கணக்கைச் சரிபார்ப்போம். வீட்டிலிருந்து கிணறு 120 மீற்றர். ஓட்டம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே 240 மீற்றர். இந்த இரண்டு மடங்கை மறப்பவர்கள் பத்துக்கு ஏழு பேர். போட்டிருந்தது 7/0.53 வயர். கடையில் 'ஏழு சைபர் ஐம்பத்துமூன்று' என்று கேட்டு வாங்குவது. 0.53 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு கம்பிகள் முறுக்கியது என்று பொருள். குறுக்குப் பரப்பு சுமார் 1.5 சதுர மில்லிமீற்றர். ஒரு மீற்றர் நீளமும் ஒரு சதுர மில்லிமீற்றர் பரப்பும் உள்ள செம்புக் கம்பியின் தடை 0.0172 ஓம். 0.0172 × 240 ÷ 1.5 = 2.75 ஓம். அளந்தது 2.88. மிச்சம் 0.13 ஓம் மூட்டுகளில் இருக்கவேண்டும். போய்ப் பார்த்தோம்; வேலிக்கரையில் டேப் சுற்றிய மூட்டு ஒன்று பச்சை பூத்துக் கிடந்தது.

இப்போது மோட்டார். ஓடும்போது 6 அம்பியர் எடுப்பது, தொடங்கும்போது அதன் ஐந்து மடங்கு கேட்கும். 30 × 2.88 = 86 வோல்ட். வோல்ட் விழவிழ அம்பியரும் அடங்குவதால் உண்மையில் இவ்வளவு விழாது. ஆனாலும் தொடக்கத் திருப்பு விசை வோல்ட்டின் வர்க்கத்தோடு இறங்குகிறது. 225 வரவேண்டிய இடத்தில் 160 வந்தால் திருப்பு விசை பாதிதான். தண்ணீர்ச் சுமையைத் தாங்கிக்கொண்டு மோட்டார் முனகும், சுற்றாது. சுற்றாவிட்டால் எதிர் வோல்ட் இல்லை, ஓட்டம் குறையாது. சில நிமிடங்களில் என் கடைக்கு வேலை வரும்.

7/0.85 வயர் போடச் சொன்னேன். அது 4 சதுர மில்லிமீற்றர். 0.0172 × 240 ÷ 4 = 1.03 ஓம். வயருக்கு ஆன செலவைப் பார்த்து ஐயா முகத்தைச் சுளித்தார். ஆனால் இரண்டு தடவை வைண்டிங் செய்த காசை அவரே விரல்விட்டு எண்ணிக் காட்டினார்.

சூரியத் தகட்டிலிருந்து 12 வோல்ட் பற்றரி. அதிலும் வயர் இப்படிக் குடிக்குமா?

அதைவிட மோசம். 60 வாட் சுமை 12 வோல்ட்டில் 5 அம்பியர் எடுக்கும். அதே 60 வாட் 230 வோல்ட்டில் 0.26 அம்பியர்தான். 10 மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், போகவர 0.23 ஓம். 5 × 0.23 = 1.15 வோல்ட். 12 இல் ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் பத்தில் ஒன்று போயிற்று. 230 இல் அதே வயரில் விழுவது 0.06 வோல்ட், கவலையே இல்லை. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் போகும் பெரிய கோபுர லைன் 132,000 வோல்ட்டில் ஓடுவதும் இதே கணக்கால்தான்: வோல்ட்டைப் பத்து மடங்காக்கினால் அதே வலுவுக்கு அம்பியர் பத்தில் ஒன்று, வயரில் வீணாவது நூறில் ஒன்று. 12 வோல்ட்டில் பற்றரியைச் சுமைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

எல்.ஈ.டி. விளக்குக்கு எத்தனை ஓம் தடையி போடவேண்டும்?

எல்.ஈ.டி. ஓமின் விதிக்குக் கட்டுப்படாது. வெள்ளை எல்.ஈ.டி. சுமார் 3 வோல்ட்டைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், ஓட்டம் எவ்வளவானாலும் அதில் பெரிய மாற்றம் இல்லை. ஆகவே மிச்ச வோல்ட்டைத்தான் வகுக்கவேண்டும். 12 வோல்ட்டில் ஒன்றுக்கு 0.02 அம்பியர், அதாவது 20 மில்லி அம்பியர், விடுவதென்றால்: (12 − 3) ÷ 0.02 = 450 ஓம். கடையில் கிடைப்பது 470. அதில் வெப்பமாவது 9 × 0.02 = 0.18 வாட், கால் வாட் தடையி போதும்.

மூன்றைத் தொடராகக் கோத்தால் (12 − 9) ÷ 0.02 = 150 ஓம்; வீணாவது குறைவு, அதனால் எல்லோரும் இப்படிச் செய்வார்கள். ஆனால் பற்றரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். (14.4 − 9) ÷ 150 = 36 மில்லி அம்பியர். 20 க்குத் திட்டமிட்டது 36! ஒற்றை எல்.ஈ.டி., 470 ஓம் என்றால் அதே நேரம் 24 தான். பகலிலும் விளக்கைப் போட்டுவைப்பவர் என்றால் மூன்றுக்கு 270 ஓம் போடுங்கள். இரவில் கொஞ்சம் மங்கும், ஆனால் எரியும்.

அளக்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

வோல்ட்டைச் சுமையின் இரு முனைக்கும் குறுக்கே அளங்கள், அம்பியரை ஓட்டம் போகும் வழியில் அளங்கள், ஓமை மின்சாரம் துண்டித்தபின் அளங்கள். அம்பியரில் வைத்த மீற்றரைப் பிளக்கில் குத்தாதீர்கள். அதன் உள்தடை ஒன்றுமில்லாத அளவு, 230 ஐ ஒன்றுமில்லாததால் வகுத்தால் என்ன வரும் என்பதை முகத்துக்கு முன்னால் பார்க்க நேரிடும். கிளாம்ப் மீற்றரை ஒரு வயரைச் சுற்றி மட்டும் மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டினால் போவதும் வருவதும் கழிந்து பூச்சியம் காட்டும். மில்லி அம்பியரில் வந்த எண்ணை 1000 ஆல் வகுத்துவிட்டுக் கணக்கில் போடுங்கள்.

மின்பட்டியலில் உள்ள அலகு இதோடு எப்படிச் சேர்கிறது?

1000 வாட் ஒரு மணிநேரம் ஓடினால் ஓர் அலகு. 1104 வாட் மோட்டார் இரண்டு மணிநேரம் இறைத்தால் 2.2 அலகு. அவ்வளவுதான்.

யானை வேலியில் 6000 வோல்ட் என்கிறார்கள், தொட்டவர் பிழைக்கிறார். வீட்டு லைனில் 230 தான், தொட்டவர் இறக்கிறார். ஓமின் விதி பொய்யா?

பொய் இல்லை. 6000 வோல்ட்டும் 500 ஓம் உடலும் என்றால் 12 அம்பியர். அந்தக் கணத்தில் அது உண்மையில் பாயவும் கூடும். ஆனால் முறையான வேலிக் கருவி ஆயிரத்தில் ஒரு வினாடிக்கும் குறைந்த நேரம் ஒரு துடிப்பைக் கொடுத்துவிட்டு, ஒரு வினாடியளவு ஓய்வெடுக்கிறது. ஒரு துடிப்பில் வரும் சக்தி சில ஜூல்தான் (ஜூல் என்பது சக்தியின் அலகு). யானை துள்ளி விலகும்; மனிதர் விழுந்தெழும்புவார்.

வீட்டு லைனிலிருந்து நேரே கம்பி இழுத்துப் பன்றிக்கு வேலி போடுவது வேறு. அதில் ஓய்வு இல்லை. ஈரக் காலோடு நிற்கும் உடலை 1000 ஓம் என்று எடுத்தால் 230 ÷ 1000 = 0.23 அம்பியர். 0.03 அம்பியரே தொடர்ந்து பாய்ந்தால் தசை இறுகிக் கை விடாது; 0.23 இதயத்தின் துடிப்பைக் குலைத்துவிடும். வலுவைப் பாருங்கள், 53 வாட். ஒரு மின்விசிறியின் அளவுதான். ஓர் உயிருக்கு அது போதும். இப்படிப்பட்ட வேலிக்கு வயர் கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். சட்டத்துக்கும் அது குற்றம்.

எர்த் கம்பி அடித்திருக்கிறேன். பியூஸும் இருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் எதற்கு?

சிறுபோகம் முடிகிற ஆவணி வெயிலில் உங்கள் எர்த் கம்பியைச் சுற்றியுள்ள மண் எப்படி இருக்கிறது என்று தோண்டிப் பாருங்கள். மாரியில் ஈரமாக இருந்த மண் இப்போது பொரிந்து கிடக்கும். காய்ந்த மண்ணின் தடை பல மடங்கு. எர்த் தடை 50 ஓம் என்று வையுங்கள். மோட்டாரின் உடலில் லைன் பட்டுவிட்டது. 230 ÷ 50 = 4.6 அம்பியர் மண்ணுக்குள் போகும். 15 அம்பியர் பியூஸுக்கு 4.6 ஒரு பொருட்டே அல்ல, எரியாமல் இருக்கும். மோட்டாரின் உடல் 230 வோல்ட்டோடு அப்படியே நிற்கும், வாளியோடு வருபவர் தொடும் வரை.

ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது வேறொன்றை: போன ஓட்டமும் திரும்பிய ஓட்டமும் சமமா? 0.03 அம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். 4.6 அதற்கு நூற்றைம்பது மடங்கு. அதில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அன்றே மாற்றுங்கள். எர்த் கம்பியடியில் வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.